மடியில் விழுந்த கெண்டை

ஜனவரிக் கடற்காற்று கொரியாவின் பூசான் மீன்சந்தையில் போவோர் வருவோர் காதைத் திருகிக்கொண்டிருக்க, கும்சில் மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஐஸ் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றாள். நெஞ்சில் கிளம்பிய அனல் கழுத்தேறி உச்சந்தலையில் வியர்வையாக உடைந்தது. காலையிலிருந்து நாலாவது தடவை. கடைசியாக மாதவிலக்கு வந்து மூன்று மாதமாகிறது. படுத்தால் தூக்கமில்லை. நேற்று கணவாய் வெட்டும்போது காரணமே இல்லாமல் அழுதுவிட்டாள். வாங்க வந்தவள் பயந்துபோய் பேரம் பேசாமலே வாங்கிப் போனாள். வியாபாரத்துக்கு நல்லதுதான். ஆனால் நாற்பத்தெட்டு வயதில் இதற்குப் பெயர் என்ன?

எதிர்க்கடை ஓக்புன் நேற்றே பெயர் வைத்துவிட்டாள். "கனாவுல பெரிய கெண்டை ஒண்ணு துள்ளி வந்து உன் மடியில விழுந்துச்சுடி. கருக்கனவு, புள்ள தங்கப்போகுதுன்னு அர்த்தம்! ரெண்டு கானாங்கெளுத்தி மீன் குடுத்துட்டு வாங்கிக்கோ."

விலை கொடுத்தால் கனவு கைமாறும். சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கும்சில் சிரித்து மழுப்பிவிட்டு, இன்று காலை டாக்டரம்மாவிடம் போய்வந்தாள்.

"கருவெல்லாம் இல்லம்மா. ஹார்மோன் ஏறி இறங்குது, மாதவிலக்கு நிக்கப்போற காலம். ஆனா ஒரு வருஷம் முழுசா வராம இருந்தாத்தான் நின்னுச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் கரு தங்கவும் வாய்ப்பிருக்கு, ஜாக்கிரதையா இருங்க."

இல்லை என்கிறாள், ஆகலாம் என்கிறாள். அழுகல் மீனை விற்பவன்கூட இப்படி வழவழவென்று விலை சொல்லமாட்டான்.

ஓக்புன் கை துடைத்துக்கொண்டு வந்தாள். "டாக்டரம்மா என்ன சொன்னா?"

"அவளுக்கே தெரியல அக்கா."

ஓக்புன் குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதடி. உனக்கு இல்லேன்னா சொல்லிடு. என் மருமக நாலு வருஷமா ஏங்கிக் கெடக்கா, அவகிட்ட குடுத்துடறேன். கனவும் மீன் மாதிரிதான், வச்சிருந்தா நாறிப்போயிடும்."

கொடுத்துவிடு என்று சொல்லத்தான் கும்சில் வாயைத் திறந்தாள். நியாயம் அதுதான். மகன் பட்டாளத்தில் இருக்கிறான். இந்த வயதில் தொட்டில் கட்டினால் சந்தையே சிரிக்கும்.

"ரெண்டில்ல, ஒரு மீன்தான் தருவேன்" என்றது வாய்.

ஓக்புன் அவளையே பார்த்தாள். "அப்ப, வேணுமா உனக்கு?"

"தெரியல அக்கா. சத்தியமா தெரியல."

அனல் மறுபடி ஏறியது. கும்சில் இரண்டு கையாலும் ஐஸை அள்ளி ஏப்ரன் மடியில் கொட்டி, அடிவயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். மீனுக்காக ஓக்புன் விரித்த உள்ளங்கை குளிரில் சிவந்து அப்படியே காத்திருந்தது. மடியிலிருந்து நீர் சொட்டுச்சொட்டாக இரண்டு பேர் காலடியிலும் விழுந்தது. கும்சில் மீனையும் எடுக்கவில்லை, மடியையும் விடவில்லை.