கசக்கல, துவர்க்குது

காய்ச்சல் விட்டு ஐம்பது நாளாகியும் அவளுக்கு வாசனை திரும்பவில்லை. உணவகத்துக்கு ஒயின் தேர்ந்தெடுப்பவள் அவள். காப்பிக்கும் பினாயிலுக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? விஷயம் சமையலறையில் வேலை பார்க்கும் அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

"லீவு போடேன்டி. மாட்டிக்கிட்டா முதலாளி உன்னை வாசல்ல கதவு திறந்துவிட நிறுத்திடுவார்."

"மூக்குதான் போச்சு அண்ணி. நாக்கு இருக்கு."

மேசையில் இரண்டு இத்தாலியச் சிவப்பு ஒயின்கள். ஒன்றை வாங்கிப் பத்து வருடம் முதிர நிலவறையில் படுக்க வைக்க வேண்டும். எதை என்று அவள் சொல்ல வேண்டும்.

முதலாளி முதல் கிண்ணத்தை முகர்ந்தார். "ரோஜாத் தோட்டம்மா இது." இரண்டாவதைக் குடித்து முகம் சுளித்தார். "இது கசாயம். கசக்குது."

அவள் முகராமலே குடித்தாள். முதலாவது வழவழவென்று இறங்கியது, போனது போனதுதான். இரண்டாவது, மாதுளைத் தோலைக் கடித்தது போல் ஈறைக் கவ்விக் கன்னத்தைச் சுருக்கியது. பின்னாலேயே புளிப்பு வந்து எச்சில் ஊற வைத்தது.

"கசக்கல சார், துவர்க்குது. கசப்பு தொண்டையில போய் உக்காரும். இது ஈறைப் பிடிச்சு இழுக்குது. இந்தத் துவர்ப்பும் புளிப்பும்தான் பத்து வருஷம் தாங்கும்."

"நீ மோந்தே பார்க்கலையே?"

தட்டு கொண்டுவந்த அண்ணி கண்ணாலேயே கெஞ்சினாள்.

"மோந்தாலும் தெரியாது சார். காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனையே வரல."

"இத்தனை நாளா மறைச்சியா?"

"மறைச்சது தப்புதான். ஆனா சொன்னது தப்பில்ல. ரெண்டையும் மூடாம நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வைங்க. ஒரு நாள் காத்தைத் தாங்காதது பத்து வருஷம் தாங்காது. ரோஜா நின்னுட்டா நான் வேலையை விட்டுடறேன்."

மறுநாள் முதலாளியே ஊற்றினார். ரோஜா, தண்ணீர் கலந்த பழச்சாறு போல் சப்பென்று கிடந்தது. அவர் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். கசாயத்தை ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அவளும் குடித்தாள். துவர்ப்பு கொஞ்சம் இறங்கி வந்திருந்தது. ஆனால் பிடியை விடவில்லை.

"சரி, இதையே படுக்க வைப்போம்," என்றார். "ஆனா மூக்கு இல்லாம உன்னை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

"இப்ப என்ன வாசனை வருது சார்?"

அவர் முகர்ந்தார். "ஏதோ பழம். காய்ஞ்ச பழம் மாதிரி."

"எந்தப் பழம்? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க," என்று அவள் நோட்டைத் திறந்தாள். "எனக்கு வர்ற வரைக்கும் மோந்து பார்க்கிறது உங்க வேலை."