நான்காம் பெட்டி, இரண்டாம் கதவு

தொலைபேசி அலறியபோது மணி எட்டு மூன்று. அன்று எனக்கு ரயில் நிலைய அலுவலக அறையில் பணி. உடனிருந்தவர் கழிப்பறைக்குப் போயிருந்ததால் நானே எடுத்தேன்.

"பச்சைப் பாதை. எட்டு பன்னெண்டுக்கு அங்க வரும். நாலாம் பெட்டி, ரெண்டாம் கதவு. சக்கர நாற்காலியில ஒருத்தங்க."

பயணி ஏறிய நிலையத்திலிருந்து வந்த தகவல். வாய்விட்டுத் திருப்பிச் சொன்னேன். நேரத்தோடு துண்டுச் சீட்டில் எழுதினேன். அடுத்து, பச்சைப் பாதை நடைமேடையில் நிற்கும் மொரோய்க்கு வாக்கி டாக்கியில் தகவல் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வருவது யாரென்று எனக்குத் தெரியும். இசோபே சான் என்று நாங்கள் மரியாதையாக அழைக்கும் பெண்.

டோக்கியோவின் பெரிய வங்கிகளுக்கு அடியில் ஐந்து ரயில் பாதைகள் சந்திக்கும் நிலையம் எங்களுடையது. மேலே ஒரு பங்கு நிறுவனத்தின் இருபத்தோராம் மாடியில் அவருக்கு வேலை. இரண்டு வருடம் தினமும் காலையில் என்னுடைய நீலப் பாதை நடைமேடையில்தான் இறங்கினார். கதவு திறக்கும்போது சாய்வுப் பலகையோடு நான் அங்கே நிற்பேன். பலகை சரி, சக்கரம் சரி, கதவு சரி என்று ஒவ்வொன்றையும் விரல் நீட்டிச் சொல்லிப் பார்ப்பேன். அவரை இறக்கியதும் பெட்டிப் பக்கம் திரும்பி, இடுப்பு வளையக் குனிந்து, "காக்க வெச்சதுக்கு மன்னிக்கணும்" என்று பயணிகளிடம் கேட்டுக்கொள்வேன். இருபது விநாடித் தாமதத்துக்கு அப்படிக் குனிகிறவன் எங்கள் நிலையத்தில் நான் ஒருவன்தான். காலைக் கூட்டத்தில் அதிகாரி என் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருக்கிறார்.

அவர் தினமும் "நன்றி" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நான் முந்தின இரவே சட்டையைத் தேய்த்து வைப்பேன்.

ஏப்ரலில் திடீரென்று அவர் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். மூன்றாவது வாரம் பச்சைப் பாதைக்கு ஒரு காகிதம் கொடுக்கப் போனபோது பார்த்துவிட்டேன். மொரோயோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். வாயைக் கையால் மூடியும் அடங்காத சிரிப்பு.

மொரோய்க்கு நாற்பத்தெட்டு வயது. தொப்பை. தொப்பி எந்நேரமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பலகையைப் போட்டுவிட்டு விரல் நீட்ட மாட்டார், குனிய மாட்டார். ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தின நாள் தோற்றுப்போன பேஸ்பால் அணியைப் பற்றி இசோபே சானோடு வம்பளப்பார். மொரோயின் மேசையில் உப்பு பிளம் மிட்டாய்த் தாள்கள் கிடந்தன. யார் கொடுத்தது என்று கேட்டேன். இசோபே சான் தினமும் ஒன்று தருவதாகச் சொன்னார். எனக்கு இரண்டு வருடத்தில் ஒரு மிட்டாய் கூட வந்ததில்லை.

வீடு மாறியிருப்பார் என்று மனதைத் தேற்றினேன். மாறவில்லை. பச்சைப் பாதையைப் பிடிக்க அவர் வீட்டிலிருந்து பஸ் ஏற வேண்டும், பன்னிரண்டு நிமிடம் கூடுதல் என்று மொரோயே சொன்னார். எந்தக் கதவில் நின்றால் நான்கு விநாடி மிச்சம் என்று கணக்குப் பார்த்து நிற்கிற ஊர் இது. இங்கே ஒரு பெண் தினமும் பன்னிரண்டு நிமிடத்தை அந்தத் தொப்பைக்காரருக்காகத் தூக்கிக் கொடுக்கிறார். அதைக் கேட்ட நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் சீட்டு என் பையில் இருந்தது. மொரோய் வர மாட்டார். நான் நிற்பேன். யாரை நம்பலாம் என்று இசோபே சானுக்குப் புரியும்.

பலகையை இடுக்கிக்கொண்டு ஓடினேன். பச்சைப் பாதைக்கு ஆறு நிமிட நடை. ஆனால் எட்டு மணிக் கூட்டத்தை நான் நேர் எதிரே போய்ச் சந்தித்ததே இல்லை. கறுப்புக் கோட்டுகள் சுரங்கவழி முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தன. யாரும் என்னை இடிக்கவில்லை, யாரும் விலகவுமில்லை. மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டே சுவரை உரசி நகர்ந்தேன்.

நடைமேடையில் கால் வைத்தபோது எட்டு பதின்மூன்று. வண்டி நின்றிருந்தது. கார்டு தலையை நீட்டி விசில் ஊதிக்கொண்டிருந்தார். நான்காம் பெட்டி வாசலில் இசோபே சான். தற்செயலாக அவரைப் பார்த்துவிட்ட மொரோய், பலகை எடுக்கப் போனால் கதவு மூடிவிடும் என்று தன் தொப்பையையே குறுக்கே கொடுத்து நின்றார். இருவரும் பேஸ்பால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பலகையைப் போட்டேன். விரல் நீட்டினேன். அவர் இறங்கினார். நான் பெட்டியைப் பார்த்துத் திரும்பி, என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தாழக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். கதவு மூடி வண்டி போயிற்று.

"எனக்குத் தகவலே வரலையேப்பா," என்றார் மொரோய்.

சீட்டை எடுத்து நீட்டினேன். எட்டு மூன்று என்று என் கையெழுத்தில் இருந்தது. அவர் படித்தார், என்னைப் பார்த்தார், இசோபே சானைப் பார்த்தார். சீட்டை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நகர்ந்தார். யாரிடம் கொடுப்பாரோ, கிழித்துப் போடுவாரோ, அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

"இசோபே சான், ரெண்டு வருஷம் நான் ஒரு நாள்கூடத் தவறினதில்ல. என் நடைமேடையை ஏன் விட்டுட்டீங்க?"

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். குரலில் கோபமே இல்லை.

"தினமும் என்னை இறக்கிவிட்டுட்டு, திரும்பி ரயில் முழுக்க மன்னிப்புக் கேட்டீங்களே ஹத்தானோ சான், நான் அப்படி என்ன தப்புப் பண்ணினேன்?"