ஒன்பது ஓட்டு

ஓட்டு மூன்றரை மணிக்கு முடியும் என்று போட்டிருந்தது. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் இருந்த அறையில் பதினோரு பேர் ஒரு மணியிலிருந்தே உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மாட்டிய டிவியில் இரண்டு கோடுகள். சிவப்பு என்றால் வேண்டாம், பச்சை என்றால் வேண்டும். சிவப்புதான் நீண்டிருந்தது; பச்சை ஒரு புள்ளியாகவே நின்றது. கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உர நெடி ஜன்னல் வழியாக ஏறி வந்தது.

நிலவழகன் மட்டும் உட்காரவில்லை. பெங்களூரில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். வளைகுடாவில் இருப்பவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்காக ஒரு கம்பெனி பிளாக்செயின் நெட்வொர்க் கட்டியிருந்தது. அனுப்புகிற ஒவ்வொரு தொகையையும் நெட்வொர்க்கில் இருக்கும் அத்தனை கம்ப்யூட்டர்களும் சரிபார்க்க வேண்டியிருந்ததால், ஆள் சேரச் சேர அது மந்தமாகிக்கொண்டே போனது. கம்ப்யூட்டர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு ஒரு பங்கை மட்டும் பார்த்தால் போதும் என்று திட்டம் வரைந்து கொடுத்தவன் நிலவழகன். அதற்கப்புறம் ஆள் சேரச் சேர வேகமும் கூடியது. செங்கல் அளவுப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தால் போதும். கம்பெனி அவனை வேலைக்கு எடுத்து, ஊரிலேயே ஆட்களைச் சேர்க்கச் சொன்னது. நான்கு வருஷத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறுபத்துமூன்று வீடுகளில் பெட்டி ஓடியது. ஓட்டியவர்கள் மாதம் ஒரு சின்ன வருமானம் பார்த்தார்கள். நெட்வொர்க்குக்கு வேண்டிய புரோகிராம்களையும் அவர்களே எழுதினார்கள்.

இப்போது வீட்டுப் பெட்டிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, டேட்டா சென்டரில் இருபத்தொரு பெரிய மெஷின்களில் ஓட்டப்போவதாகக் கம்பெனி தீர்மானம் கொண்டுவந்திருந்தது. அதற்குத்தான் ஓட்டு.

"அண்ணே, நம்ம ஆளுங்க எல்லாரும் போட்டாச்சு," என்றான் மெல்வின். ஆவூர்க்காரன், வாத்தியார் மகன். "மீமிசல் பாத்திமாக்கா பாக்கி இருந்தாங்க. அவங்களும் இப்பப் போட்டுட்டாங்க. வெளிநாட்டுல பொட்டி ஓட்டுற ஆளுங்களும் வேணாம்னுதான் போட்டுருக்காய்ங்க."

"பெரிய கணக்கு ஒண்ணும் இன்னும் வரல," என்றான் நிலவழகன்.

ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை. பங்கு மாதிரி கம்பெனி கொடுத்த டோக்கன் கையில் எத்தனை இருக்கிறதோ அத்தனை ஓட்டு. முதலீடு போட்டவர்கள் கையில் நிறைய இருந்தது. அவர்களில் நான்கைந்து பேராவது ஒதுங்கி இருந்துவிடுவார்கள் என்று நிலவழகன் நம்பினான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியிருந்தான். இரண்டு பேர் படித்ததாகக் காட்டியது.

போன் அடித்தது. செவந்தி. நாகுடியில் இருந்து கூப்பிட்டாள். கூட்டத்துக்கு அவளால் வர முடியாது. கணவன் உடையப்பன் சார்ஜாவில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனதிலிருந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தான். பி.சி.ஏ. படித்துவிட்டுச் சும்மா இருந்தவள், அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் பெட்டியை ஓட்டி, புரோகிராமும் எழுதினாள். ஒரே பணம் இரண்டு குழுவிலும் பதிவாகிவிடுகிற கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவள் அவள்தான். அதற்கு அவளுக்குப் பதினேழு நாள் ஆனது.

"அண்ணே, செவப்பு தானே மேல இருக்கு?"

"இருக்கும்மா. இன்னும் நாலு நிமிஷம்."

"லைனை வைக்கல. அப்படியே இருக்கேன்."

மூன்று இருபத்தாறுக்குப் பச்சைக் கோடு அசைந்தது. ஒரு கணக்கு. அடுத்து இரண்டாவது. பிறகு எண்ணுவதற்குள் ஏழு. கோடு டிவியின் அந்த ஓரம் வரை போய் நின்றது. வேண்டாம் என்றவர்கள் மூவாயிரத்து நூற்று நான்கு பேர். வேண்டும் என்றவர்கள் ஒன்பது பேர். அதற்குக் கீழே, எண்பத்தெட்டு சதவீத ஆதரவுடன் தீர்மானம் நிறைவேறியது என்று எழுத்து வந்தது.

மெல்வின் எழுந்து போய் டிவியை அணைத்தான். போனில் செவந்தி மூச்சு விடுவது கேட்டது.

"பாத்தேண்ணே," என்றாள். "அவரு கூப்புடுறாரு. வைக்கிறேன்."

மறுநாள் காலையில் ரகுநாத் கம்பெனியிலிருந்து வீடியோவில் வந்தார். நிலவழகனுக்கு மேலதிகாரி. எப்போதும் போலத் தணிந்த குரலில் பேசினார்.

"எமோஷனலா எடுத்துக்காதீங்க நிலவழகன். புரொசீஜர்படிதான் எல்லாம் நடந்திருக்கு."

"மூவாயிரம் பேரு வேணாம்னு சொல்லியிருக்காங்க சார்."

"மூவாயிரம் பேர் கையில பன்னெண்டு பர்சென்ட்தான் இருக்கு. இந்த ரூல் மொத நாள்லேர்ந்து இருக்கு. உங்க டாக்குமெண்ட்லயே நீங்க எழுதியிருக்கீங்களே."

எழுதித்தான் இருந்தான். நாலாம் பக்கம். பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று அப்போது நினைத்திருந்தான்.

"உங்க டிசைன் ஒண்ணும் வீணாகல," என்றார் ரகுநாத். "குரூப் பிரிக்கிறது, அந்த லேடி பண்ணின கரெக்‌ஷன், எல்லாம் புது மெஷின்ல அப்படியே ஓடும். இன்வெஸ்டர்ஸ் ரொம்ப ஹாப்பி."

"அப்ப செவந்திக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க சார். வீட்ல இருந்தே பாப்பாங்க. அவங்களால வெளியில போக முடியாது."

"இப்ப யாரையும் எடுக்கறதில்ல. அவங்க எழுதினது ஓபன் சோர்ஸ்ல இருக்கு. யார் வேணா எடுத்துக்கலாம்னு அவங்களே குடுத்ததுதானே?" என்றார் ரகுநாத். "அப்புறம், கம்யூனிட்டி டீமைக் குளோஸ் பண்றோம். உங்களுக்கும் இந்த மாசத்தோட. அதுக்குள்ள பெட்டி எல்லாத்தையும் கலெக்ட் பண்ணி அனுப்பிடுங்க. அது கம்பெனி சொத்து."

நிலவழகன் செவந்திக்காகப் பெங்களூர் நண்பர்களிடம் கேட்டான். ஆபீசுக்கு வரவேண்டும் என்றார்கள் சிலர். மூன்று வருஷ அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள் சிலர். அவள் எழுதியதை அனுப்பினான். நன்றாக இருக்கிறது, ஆனால் எந்தக் கம்பெனி லெட்டர்ஹெட்டிலும் அவள் பெயர் இல்லையே என்றார்கள். தனக்கு அவன் யாரிடமும் கேட்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி வீட்டுப் பெட்டிகளை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்தார்கள். மறுநாளிலிருந்து அவன் பைக்கின் பின்னால் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனான். ஆவூரில் மெல்வின் பெட்டியைத் துடைத்து, பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தான். கத்தாரில் மாமா விசா ஏற்பாடு செய்திருந்தார்.

"புரோகிராம் வேலையா?"

"இல்லண்ணே. குடோன்ல சரக்கு எண்ணணும்."

நாகுடியைக் கடைசியாக வைத்துக்கொண்டான். போனபோது காலை ஏழே முக்கால். செவந்தி சேலைக்கு மேல் நீலநிற கோட் மாட்டிக்கொண்டிருந்தாள். கார்மெண்ட்ஸ் கம்பெனியின் பெயர் கோட்டுப் பையில் தைத்திருந்தது. கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூலில் தண்ணீர் பாட்டில், அதற்குள் உறிஞ்சிக் குடிக்க ஒரு டியூப், பிரித்து வைத்த பிஸ்கட், போன் எல்லாவற்றையும் உடையப்பன் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

"பொட்டி அங்கிட்டு இருக்குண்ணே. வயரெல்லாம் சுத்தி வச்சுட்டேன்."

"இவர யாரும்மா பாத்துக்குவா?"

"பக்கத்து வீட்டு ராஜலட்சுமியக்கா மத்தியானம் கஞ்சி குடுக்கும். நான் ஏழு மணிக்கெல்லாம் வந்துருவேன்."

ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. அவள் செருப்பை மாட்டியவள் நின்றாள்.

"அண்ணே, அந்த இருபத்தொரு மெஷின்ல நம்ம எழுதுனதுதான் ஓடுதா?"

"ஓடுது."

"கோளாறு ஒண்ணும் வரலேல்ல?"

"வரலம்மா."

தலையாட்டினாள். இரண்டாவது ஹாரனுக்கு ஓடினாள். வேனுக்குள்ளிருந்து யாரோ கை நீட்டி அவளைத் தூக்கிவிட்டார்கள்.

நிலவழகன் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அலமாரிப் பலகையில் அது இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாகத் தெரிந்தது.

"தம்பி," என்றான் உடையப்பன்.

"சொல்லுங்கண்ணே."

"போறதுக்கு முந்தி என்னைய ஒருக்காத் திருப்பிப் போட்டுட்டுப் போறீங்களா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அவ திருப்பி விடுவா, இல்லேன்னா புண்ணாயிரும். இன்னைக்கு அவசரத்துல விட்டுப்போச்சு."

நிலவழகன் பெட்டியைத் தரையில் வைத்தான். ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்தான். நினைத்ததைவிட லேசாக இருந்தது உடம்பு. இடுப்பெலும்பு மேல் தோல் கன்றிச் சிவந்து, நடுவில் எட்டணா அளவுக்குக் கிழிந்திருந்தது. அதன்மேல் செவந்தி பவுடர் போட்டிருந்தாள். மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தான். அந்தப் பக்கம் ஸ்டூல் போட இடமில்லை. பாட்டிலையும் போனையும் மெத்தையிலேயே, அவன் முகத்துக்கு அருகில் வைத்தான்.

"மத்தியானம் அந்த அக்காகிட்டச் சொல்லித் திருப்பிக்கிறீங்களாண்ணே?"

"பொம்பள ஆளு தம்பி. அதுகிட்ட எப்படிக் கேக்குறது," என்றான் உடையப்பன் சுவரைப் பார்த்தபடி. "இப்ப மணி எத்தன?"

"எட்டு."

உடையப்பன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஏழு மணி வரை எண்ண ஆரம்பித்தான்.