நாலாம் நம்பர் அம்மாவின் சம்பளம்

அந்தக் கால்பந்து கிளப்பில் பெற்றவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. பிள்ளையின் ஜெர்சி நம்பர்தான் பெயர். ஒன்பதாம் நம்பர் அம்மா, பதினோராம் நம்பர் அப்பா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே ஆறு வருடம் ஓடிவிட்டது. இவள் நாலாம் நம்பர் அம்மா. மகள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. பதின்மூன்று வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு. பந்து பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் எங்கிருந்தோ ஒரு பிடிவாதம் வந்துவிடும்.

அந்த ஆறு வருடமும் பெண்கள் அணியின் ஜெர்சிகளை வாராவாரம் துவைத்தவள் இவள்தான். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. முதல் வருடம் ஒரு மழைநாளில் சேறும் சகதியுமாக ஒரு மூட்டை மைதானத்து மூலையில் கிடந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், இவள் தூக்கிக்கொண்டு போனாள். அவ்வளவுதான், வேலை அவள் தலையில் விழுந்துவிட்டது. பகலெல்லாம் பெரிய லாண்டரியில் ஓட்டல் விரிப்புகளோடும் டவல்களோடும் மல்லுக்கட்டுகிறவளுக்கு வீட்டிலும் அதே பிழைப்பா என்று கேட்கலாம். அவளே கேட்டுக்கொண்டதுண்டு. ஆனால் சனிக்கிழமை காலையில் பதினாறு பெண்களும் பளிச்சென்று வரிசையில் நிற்கும்போது, இதில் என் கை இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு வரும். அதை மறைப்பானேன்.

இந்த வருடம் கிளப்புக்குப் புது மவுசு வந்தது. சம்பளத்துக்கு ஒரு தலைமைப் பயிற்சியாளர், அவருக்கு ஒரு உதவியாளர், அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு மேலாளர். அவர்கள் வந்து இரண்டு மாதம் ஆனதும் மாதக் கட்டணம் இரண்டரை மடங்கானது. பெற்றவர்கள் கூட்டத்தில் பதினோராம் நம்பர் அப்பா கொதித்துப்போனார்.

"இத்தனை வருஷம் நான் சும்மாதானே சொல்லிக்கொடுத்தேன்? இப்ப எதுக்கு ஆளுக்கு ஆள் சம்பளம்?"

அவர் சும்மாதான் சொல்லிக்கொடுத்தார் என்பது உண்மை. சொல்லிக்கொடுத்ததெல்லாம் 'ஓடு, ஓடு' என்ற ஒரே பாடம் என்பதும் உண்மை. புதிதாக வந்த பெண் பயிற்சியாளர் முதல் வாரமே நாலாம் நம்பரைத் தனியே நிறுத்தி, எதிராளியின் முகத்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார், எந்தப் பக்கம் திரும்பப்போகிறாள் என்று அதுதான் சொல்லும் என்றார். இரண்டே மாதத்தில் இந்த ஒட்டடைக்குச்சியைத் தாண்டிப் போவது குதிரைக்கொம்பாகிவிட்டது. பிள்ளைகள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் குறைந்தது. அந்த வேலைக்குச் சம்பளம் தரத்தான் வேண்டும், அதில் நாலாம் நம்பர் அம்மாவுக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அவள் கவலை வேறு. அந்தக் கட்டணத்துக்கு அவள் எங்கே போவாள்?

மேலாளர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். இளவயது, நல்ல மனிதர், எதையும் தாளைப் பார்த்துத்தான் பேசுவார்.

"கட்ட முடியாதவங்க இந்த உதவிப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். வருமானச் சான்று வேணும். கமிட்டி பார்த்து முடிவு பண்ணும். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டுல ஒண்ணு செய்யலைன்னா, அணிப் பட்டியல்ல பேர் இருக்காது." அதே மூச்சில் அடுத்த வரியையும் வாசித்தார். "அப்புறம், இனிமே ஜெர்சி துவைக்கிறது வெளி லாண்டரிக்குப் போகுது. எல்லாமே முறைப்படி நடக்கணும் இல்லையா?"

இதுவரை துவைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை. ஒன்பதாம் நம்பர் அம்மா மட்டும் இவளை ஒருமுறை பார்த்தாள், பிறகு தன் செல்போனைப் பார்த்தாள்.

வீட்டு மேசையில் படிவம் இரண்டு நாள் கிடந்தது.

"இன்னும் நிரப்பலையாம்மா?" என்றாள் மகள்.

"பார்க்கலாம்."

"எனக்காக யார்கிட்டயும் போய் நிக்க வேணாம். நான் வேணா ஆடறதை விட்டுடறேன்."

"உன்னை யாருடி கேட்டா? போய்ப் படி."

அதட்டினாளே தவிர அவளாலும் முடியவில்லை. 'கட்ட இயலாமைக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அதைத் தாண்டவில்லை. ஆறு வருடம் மூட்டை சுமந்தவள் இப்போது என்னிடம் இல்லை, பார்த்துச் செய்யுங்கள் என்று எழுதிக்கொடுக்க வேண்டுமா?

செவ்வாய்க்கிழமை, லாண்டரியில் பெல்ட் மேல் மூட்டைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒரு மூட்டையைத் தூக்கியபோதே கைக்குத் தெரிந்துவிட்டது, இது விரிப்புமில்லை, டவலுமில்லை. அவிழ்த்தால் பதினாறு ஜெர்சி. ஊரில் எத்தனையோ லாண்டரி இருக்க, மேலாளர் தேடிப்பிடித்தது இதைத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சீட்டைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. 'சாதாரணம், டவலோடு' என்று டிக் அடித்திருந்தது. அதுதான் விலை குறைவு.

டவல் மெஷினின் சூட்டில் போட்டால் முதுகில் ஒட்டியிருக்கும் எண்கள் இளகி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிய்த்து எடுத்தால் நாலில் பாதி ஒன்பதின் முதுகில் போயிருக்கும். எண் இல்லாத ஜெர்சியை நடுவர் மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார். அவள் செய்ய வேண்டியதெல்லாம் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்துவது. சீட்டில் இருப்பதைத்தான் செய்தேன் என்று சொல்லலாம், ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை கமிட்டி மொத்தமும் தலையில் கை வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கு ஓடிவரும். அந்த நினைப்பு நன்றாகவே இனித்தது. மெஷின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள்.

பிறகு தன் மேலேயே கோபம் வந்தது. துணியைக் கெடுத்துப் பெயர் வாங்குகிற பிழைப்பு எனக்கு எதற்கு? இத்தனை வருடத்தில் அவள் கைக்கு வந்த துணி ஒன்றுகூட வீணாய்ப் போனதில்லை.

"தம்பி, இது டவலோட போகாது," என்றாள் சூப்பர்வைசரிடம்.

"சீட்டுல அப்படித்தானேக்கா போட்டிருக்கு?"

"போட்டவருக்குத் தெரியாது. கெட்டுப்போச்சுன்னா பதினாறு ஜெர்சிக்கு நீதான் பதில் சொல்லணும். ஒரு போன் போட்டுக் கேட்டுடு."

போன் போட்டான். மறுமுனையில் மேலாளர் ஏதோ அவசரத்தில் இருந்தார். எப்படிச் செய்தால் நன்றாக வருமோ அப்படிச் செய்யுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நன்றாக வருவது எப்படி என்று அவளுக்கா தெரியாது? காய்ந்த சேற்றை முதலில் உதறினாள். எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். புல் கறையைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தாள். தனி மெஷின், பச்சைத்தண்ணீர், நிழலில் கொடி. முடித்துவிட்டு சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள்.

"ஒண்ணு விடாம பில்லுல போடு. தனியா துவைச்சது, கையால கறை எடுத்தது, கொடியில உலர்த்தினது."

"உங்க பொண்ணு ஆடற கிளப்புதானேக்கா? கொஞ்சம் பார்த்துப் போடட்டா?"

"ஒத்தக் காசு குறைக்காதே."

வெள்ளிக்கிழமை மேலாளர் வந்தார். பில்லைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது ஒரு மாசத்துக்கா?"

"ஒரு வாரத்துக்கு சார்," என்றாள் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள்.

அவர் நிமிர்ந்தார். "நீங்க நாலாம் நம்பர் அம்மாதானே? இங்கயா வேலை? இவ்வளவு ஆகும்னு தெரியவே தெரியாது. முன்னால இதுக்கு என்ன கொடுத்துட்டு இருந்தாங்கன்னு பார்த்தா, கணக்குல எங்கயுமே காணோம்."

"எப்படி இருக்கும் சார்? நான்தான் துவைச்சேன். ஆறு வருஷமா."

மேலாளருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் பில்லை மடித்தார், பிரித்தார்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம் மேடம். நீங்க பழையபடியே துவைங்க. உங்க பொண்ணுக்கு ஃபீஸே வேணாம்னு கமிட்டிகிட்ட நான் சொல்றேன். படிவம்கூட வேணாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது.

"வேணாம் சார். கோச்சுக்குச் சம்பளம் கொடுக்கிறீங்க, சரிதான், அவங்க வேலை அப்படி. உங்களுக்கும் கொடுக்கிறாங்க. என்னையும் அப்படி ஒரு ஆளா எடுத்துக்கங்க. இந்த பில்லுல பாதி கொடுத்தா போதும். என் பொண்ணுக்கு எல்லாரையும் மாதிரி ஃபீஸ் கட்டிடறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"இல்ல சார். தள்ளுபடின்னு வந்தா நாளைக்கு யாராச்சும் அவளைப் பார்த்து, சும்மா ஆடற பொண்ணுன்னு சொல்லிடுவாங்க. நான் துவைச்சதை யாரும் சொல்லமாட்டாங்க."

மேலாளர் பில்லைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "கமிட்டியைக் கேக்கணும். நாளைக்கு மேட்ச் முடிஞ்சதும் உட்காருறாங்க. ஒத்துக்கலைன்னா?"

"ஞாயித்துக்கிழமை அவ பேரை எடுத்துடுங்க."

சொல்லிவிட்டாள். அவர் மூட்டையோடு படியிறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. தன் ரோஷத்துக்கு மகளின் ஆட்டத்தைப் பணயம் வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போனதும் மறைக்காமல் சொன்னாள்.

மகள் காலணியின் கயிற்றைக் கோத்துக்கொண்டே கேட்டாள். "பாதியா கேட்டே? முழுசா கேட்டிருக்கலாம்."

சனிக்கிழமை மேட்ச்சில் நாலாம் நம்பரை ஒருத்தியும் தாண்டவில்லை. நாளை பெயர் இருக்குமோ இருக்காதோ, இன்று இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிச் சொல்லித் தடுப்பது போல இருந்தது ஆட்டம். பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பெருமையில் கண் கலங்கியது, அதைப் பக்கத்திலிருந்தவர்கள் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கமிட்டி அறையின் கதவு ஒரு மணி நேரம் மூடியிருந்தது. உள்ளே நடந்தது பிறகுதான் தெரிந்தது. சம்பளம் என்றாலே கொதிக்கிற பதினோராம் நம்பர் அப்பாவும் கமிட்டியில் ஒருவர், அவர்தான் பில்லை மேசைமேல் விரித்து, இதை ஆறு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள் என்றாராம். பெருக்கின பிறகு எல்லோரும் சரி என்று கை தூக்கினார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை கட்டணம் கட்டுகிற ஜன்னலுக்கு முன்னால் வரிசை நின்றது. மேலாளர் இவளைப் பார்த்ததும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். ஊழியர் பட்டியலில் நான்காவது வரி காலியாக இருந்தது.

"பதவி என்னன்னு போடட்டும் மேடம்? உடைப் பராமரிப்பாளர்?"

"துவைக்கிறவங்கன்னே போடுங்க சார். எல்லாருக்கும் புரியும்."

போட்டார். மேசையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். "இந்த மாசம் மூணு வாரம் நீங்கதானே துவைச்சீங்க, அதுக்கு. இதுலயே ஃபீஸைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் கொடுத்துடட்டுமா? உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்."

"முழுசா கொடுங்க சார். முதல்ல என் கைக்கு வரட்டும்."

வாங்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு உறையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

"உள்ளயே கொடுத்திருக்கலாமேம்மா," என்றாள் மகள். "ஏழு பேர் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நமக்கு என்ன அவசரம்?"