இரும்பு ஆகாத அறை

சூரியனிலிருந்து கிளம்பி வந்த காந்தப் புயல் என்று நான் நினைத்தது, என்னுடைய பைக்.

சிதம்பரத்துக்கு வெளியே, எங்கள் கல்லூரி வயலோரத்தில், பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. ஆணிகூடப் பித்தளை. ‘இரும்பு ஆகாது’ என்று போர்டு எழுதி மாட்டிய மகானும் நானே. மத்தியானம் மழை பிடித்ததும், வண்டி நனையுமே என்று அந்த அறைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். கம்ப்யூட்டரில் காந்தப்புலக் கோடு தொப்பென்று இறங்கிக் கிடந்தது.

உடனே மாலதிக்கு மெசேஜ்: பெரிய புயல், இன்றைக்குத் துருவ ஒளி நிச்சயம்.

மாலதி என் மனைவி. நார்வேயின் வடகோடியில் நர்ஸ். போனதிலிருந்து, அந்த ஊர் இரவு வானில் பச்சையாக ஆடும் அந்த ஒளியை அவள் பார்த்ததில்லை; மேகம், இல்லாவிட்டால் டூட்டி. ஏப்ரலில் கான்ட்ராக்ட் முடிகிறது. திரும்பி வருவாயா என்று வாராவாரம் கேட்பேன். “பாக்கலாம் மாமா” என்பாள். அப்புறம் இரண்டு பேரும் வானத்தைப் பற்றிப் பேசுவோம்.

மழை விட்டு வண்டியை எடுத்து வந்து பார்த்தால், கோடு பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. திருத்திச் சொல்லத் தைரியமில்லை. எப்படியும் அங்கே மேகம் இருக்கும், தப்பித்துவிடலாம் என்று கடலூர் வீட்டுக்கு வந்து உப்புமா கிண்டினேன். இன்னமும் கைக்கு வருவது இரண்டு பேருக்கான அளவுதான்.

அவளே கூப்பிட்டாள். டூட்டியை மாற்றிக்கொண்டு, பனியில் மலைமேல் நிற்கிறாளாம், ரொம்ப நேரமாக. துடைத்துவிட்ட மாதிரி வானமாம். ஒரு மேகம் இல்லை, ஒளியும் இல்லை.

நான் பாடம் எடுத்தேன். காந்தக் கோடுகள் வழியே மின்னோட்டம் பாயும். சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் உண்டாகும் மின்புலம் எலக்ட்ரான்களைப் பிடித்துக் கீழே தள்ளும். அந்த வேகத்தில் வந்து ஆக்சிஜனில் மோதினால்தான் பச்சை. தள்ளுவதற்கு எதுவும் இல்லாவிட்டால் அவை பாட்டுக்கு வடக்கும் தெற்குமாக அலைந்துகொண்டிருக்கும், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நான் அலைகிற மாதிரி.

“மாமா, வருமா வராதா?”

“வராது. அது என் பைக்கு.”

விவரம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் தெம்பில், ஏப்ரலுக்கு டிக்கெட் போட்டுவிடலாமா என்று கேட்டுவிட்டேன்.



“இங்க நின்னு பாத்தாதான் தெரியுது மாமா. உங்களயும் இப்படித்தான் நிக்க வச்சிருக்கேன். நான் வரல. ஏப்ரல்லயும் இல்ல, அதுக்கப்புறமும் இல்ல.”