மாமன் வீட்டு கிராபிக்ஸ் கார்டு

அம்பிளி தன் மாமன் மகனை மச்சான் என்று கூப்பிடுவாள். கட்டிய கணவனைக் கூப்பிடுவது சேட்டன் என்று. மட்டாஞ்சேரியில் அக்கம்பக்கத்து மலையாளப் பெண்கள் எல்லோரும் தங்கள் கணவன்மாரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவளுக்கும் அதுவே பழகிவிட்டது. கல்யாணமாகி ஒன்றரை வருஷமாக பிரதீஷ் இதை ஒரு விஷயமாக நினைத்ததே இல்லை. கம்ப்யூட்டர் பேச்சு வந்த பிறகுதான் அந்த மச்சான் அவன் காதில் தனியாக விழ ஆரம்பித்தது. அவனுடைய அம்மா அவன் அப்பாவை மச்சான் என்றுதான் கூப்பிட்டாள்.

அம்பிளிக்கு விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் முழுசாக வாங்கினால் விலை கட்டாது, பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே சேர்த்துப் பூட்டிவிடலாம் என்றாள். லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். மழையும் மலைப்பாதையும் நிஜம்போலவே வருமாம். அதற்கு இந்தப் போன் போதாதாம். நாள் முழுக்க கார்ப்பரேஷனின் குப்பை லாரியை ஓட்டிவிட்டு வருகிற பிரதீஷுக்கு, காசு கொடுத்து லாரி ஓட்ட ஒருத்தி ஆசைப்படுவது சிரிப்பாக இருந்தது. ஆனாலும் மனசாரத்தான் சரி என்றான். ஏலக்காய்க் கிடங்கில் பில் போடும் வேலையில் அவளே சேர்த்த பணம்.

அன்றைக்கு பினுவின் பெயர் பேச்சில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தது. பினுதான் அந்த மாமன் மகன். காக்கநாட்டில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். எந்த பிராசசருக்கு எந்த மதர்போர்டு சேரும் என்று அவனிடம் கேட்டேன் என்று அம்பிளி சொன்னாள். பிறகு தினமும் கேட்டாள். சாயங்காலம் சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். பழைய வகை ராம் புது போர்டில் ஏறாது, பவர் சப்ளையில் சிக்கனம் பிடிக்காதே என்று பினுவின் குரல் சமையலறையில் கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் இரண்டு பேரும் எதற்காவது சிரிப்பார்கள். கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் பிரதீஷ் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துக் கேட்பான். அந்தச் சிரிப்புக்குக் காரணமான வார்த்தை மட்டும் அவனுக்குப் புரியாது.

மாமன் மகன் என்றால் கட்டிக்கொள்ளும் முறை. ஒரு காலத்தில் இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசி, அது நின்றுபோனது. பெண் பார்க்க வந்தபோதே இதைத் தரகர் சொல்லியிருந்தார். வேண்டாம் என்றது யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. பிரதீஷும் கேட்கவில்லை. இப்போது அந்தக் கேள்வி காலையில் அவனோடு லாரியில் ஏறியது, மாலையில் அவனோடு இறங்கியது. பினு வேண்டாம் என்றிருந்தால், இவள் மனசில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

இந்த நேரத்தில்தான் பினுவின் அம்மா போன் செய்தாள். பினு தனக்கு ஒரு புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தான், பழையது சும்மா கிடந்தது. கல்யாணத்தின்போது மாமா ஆஸ்பத்திரியில் இருந்ததால் தாய்மாமன் சீர் செய்ய முடியாமல் போனது. அந்தக் கார்டையே சீராக வைத்துக்கொள்ளட்டும், ஞாயிற்றுக்கிழமை பினு தட்டில் வைத்துக் கொண்டுவருவான் என்றாள். அம்பிளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விளையாட்டின் மழையையும் மலையையும் திரையில் காட்டுவது அதுதான், பட்ஜெட்டில் பாதியை விழுங்குகிற பாகமும் அதுதான்.

பிரதீஷ் வாயைத் திறக்க முடியாது. மாமன் சீரை வேண்டாம் என்று சொன்னால் அவள் குடும்பத்தையே வாசலில் நிறுத்தியதாகிவிடும். அவன் மறுக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டரின் கேபினெட் மறுக்கலாம் என்று ஒருநாள் அவனுக்குத் தோன்றியது.

மூன்று வாரமாக அவன் குப்பை யார்டில் மதியச் சோற்றோடு கம்ப்யூட்டர் பூட்டும் வீடியோவும் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் இரண்டு பேர் பேசுவது தனக்கும் விளங்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தான். அப்புறம் தெரியாதது எதுவும் இருக்கவில்லை. பினுவின் கார்டு மூன்று விசிறி வைத்தது, முப்பத்திரண்டு சென்டிமீட்டர் நீளம் என்பது வரை மனப்பாடம்.

எல்லாப் பாகத்தையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற கேபினெட்டை வாங்கும் பொறுப்பை அம்பிளி அவனிடம்தான் கொடுத்திருந்தாள். மாடலின் பெயரை மலையாளத்தில் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தாள். பிரதீஷ் தோப்பும்படியில் மொய்துக்காவின் கடைக்குப் போனான். துண்டுத்தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. முப்பத்திரண்டு சென்டிமீட்டர் கார்டு நுழையாத கேபினெட் இருக்கிறதா என்று கேட்டான்.

மொய்துக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "எது சேரும்னு கேட்டுத்தான் ஆளுங்க வருவாங்க மோனே. எது சேராதுன்னு கேட்டு வந்த முதல் ஆளு நீதான்."

நண்பர்களுக்குள் ஒரு பந்தயம் என்று பிரதீஷ் சமாளித்தான். இருபத்தெட்டு சென்டிமீட்டருக்கு மேல் இடம் தராத ஒரு வெள்ளைக் கேபினெட்டை அவர் எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் கண்ணாடி, பார்க்க அழகாக இருந்தது. அவள் சொன்ன மாடல் ஸ்டாக் இல்லை என்று வீட்டில் சொன்னான்.

அம்பிளி எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள். கூலரின் உயரத்தை டேப் வைத்து அளந்தாள். பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் எண்ணைப் போர்டின் அட்டையோடு ஒத்துப் பார்த்தாள். கேபினெட்டை மட்டும் அளக்கவில்லை. சேட்டன் பார்த்து வாங்கினது செரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று பிரதீஷுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு பினு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அம்மா கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பழம், நடுவில் கார்டின் பெட்டி என்று ஒழுங்காக எடுத்துவைத்து இரண்டு பேரிடமும் நீட்டினான். வாங்கும்போது பிரதீஷின் கையும் தட்டில் இருந்தது. கனமான கார்டு.

தரையில் பாய் விரித்து அம்பிளியே எல்லாவற்றையும் பூட்டினாள். பினு பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்ததோடு சரி. ஒரு தடவை அவள் தலைமுடி முகத்தில் விழ, பினு போனின் டார்ச்சை நகர்த்திப் பிடித்தான். அவ்வளவுதான். அதுகூட பிரதீஷுக்கு நெஞ்சில் சூடு வைத்ததுபோல இருந்தது. இன்னும் பத்து நிமிஷம், அந்தக் கார்டு அதே தட்டில் காக்கநாட்டுக்குத் திரும்பிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

கார்டு நுழையவில்லை. அதன் முனை முன்பக்கத் தகட்டில் போய் இடித்தது. அம்பிளி சாய்த்துப் பார்த்தாள், கீழிருந்து ஏற்றிப் பார்த்தாள். பிறகு டேப்பை எடுத்து அளந்தாள். அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டும்போது அவள் முகம் சுருங்கிவிட்டது. ஒரு வருஷமாகக் காசு சேர்த்துக் காத்திருந்தவளின் முகம் அது. இதை அவன் கணக்கில் எடுத்திருக்கவில்லை. பினுவின் முகம் வாடுவதை மட்டும்தான் இத்தனை நாளும் நினைத்துப் பார்த்திருந்தான்.

வாங்க வந்தவருக்கு விவரம் தெரியாதென்று மொய்துக்கா தலையில் கட்டிவிட்டார் என்று அம்பிளிக்குக் கோபம் வந்தது. நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன் என்று போனை எடுத்து நம்பரைத் தேடினாள். பினுவும், சின்னக் கடைக்காரர்கள் சில பேர் அப்படித்தான் என்றான்.

"மொய்துக்கா மேல தப்பில்ல," என்றான் பிரதீஷ். "நான்தான் கேட்டு வாங்கினேன். இந்தக் கார்டு நுழையாத பெட்டியா வேணும்னு."

அம்பிளி போனைக் கீழே வைத்தாள். பினு கார்டை எடுத்து அதன் பஞ்சு உறைக்குள் மெதுவாக வைத்தான். பிறகு எழுந்து, கீழே சாயாக்கடை திறந்திருக்கும் அல்லவா அண்ணே என்று பேச்சுக்குக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டான்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றாள் அம்பிளி.

"எதை?"

"உள்ளுக்குள்ள வச்சிருக்கீங்கல்ல, அதை."

பிரதீஷ் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அன்றைக்கு வேண்டாம் என்றது யார்?

"அவருதான். எனக்கு அப்ப அந்தக் கல்யாணம் செரின்னுதான் இருந்துச்சு."

அவன் பயந்த பதில் அதுதான். கேட்டும் விட்டான். பினு சரி என்று சொல்லியிருந்தால் என்று இன்னும் ஒரு கேள்வி வந்தது. அதையும் கேட்டான்.

"சொல்லியிருந்தா அங்க போயிருப்பேன். பொய் சொல்ல எனக்கு வராது, உங்களை மாதிரி." அவள் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூடிக்குள் போட்டாள். "வீட்டுல சொன்னாங்க, நானும் தலையாட்டினேன். அவ்வளவுதான் அது. நீங்க பார்த்துட்டுப் போன அன்னிக்கு அம்மா ஒண்ணும் கேக்கல்ல. ஒரு வாரம் யோசிப்போம்னாங்க. நான்தான் அடுக்களைக்குப் போய், யோசிக்க ஒண்ணும் இல்ல, எனக்கு இவரு வேணும்னேன். வாழ்க்கையில நானா வாய்விட்டுக் கேட்டது ரெண்டு. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு இந்தக் கம்ப்யூட்டர்."

பிரதீஷ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் கையைத் தொடப் போனான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"கோவம் போகல்ல. ரெண்டு நாளாவது இருக்கும். போய் அவரைக் கூட்டிட்டு வாங்க. மன்னிப்பு நீங்களே கேளுங்க."

சாயாக்கடை பெஞ்சில் பினு போனைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தான். பிரதீஷ் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தப்புதான் தம்பி என்று ஒருவழியாகச் சொன்னான். பினு தலையாட்டினான். எனக்குப் புரியாமல் இல்லை அண்ணே, தினமும் நான் போனில் அவ்வளவு நேரம் பேசியிருக்கக் கூடாது என்றான். அது நிஜம் என்பதால் பிரதீஷ் அதை மறுத்துப் பேசவில்லை.

நாளைக்கே கேபினெட்டை மாற்றிவிடலாம் என்று பினு போனில் ஒரு படத்தைக் காட்டினான். நாற்பது சென்டிமீட்டர் கார்டே நுழையும், விலையும் குறைவு.

"இது வேணாம்," என்றான் பிரதீஷ். "முன்னாடி முழுக்கக் கண்ணாடி. காத்து எங்கேருந்து போகும்? நம்ம ஊர் சூட்டுல அந்தக் கார்டு வெந்துடும். முன்னாடி சல்லடைத் தகடு வச்சதா பாரு."

பினு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு பிரதீஷை ஒரு தடவை பார்த்தான். "செரிதான் அண்ணே. நான் அதை யோசிக்கல்ல."

பிரதீஷுக்கு அது வேண்டிய அளவுக்கு மேலேயே இனித்தது. சாயா வரட்டும் என்று சொல்லிவிட்டு, பினுவின் போனை வாங்கி, அடுத்த மாடலை அவனே தேட ஆரம்பித்தான்.