இடது கையின் இரைச்சல்

1

இந்தக் கதையில் உண்மை என்று ஒன்றுதான் இருக்கிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "டயாலிசிஸுக்குப் போறேன் கண்ணு. இத்த தொட்டுப் பாரு" என்று இடது மணிக்கட்டை நீட்டினார். தொட்டேன். ஓடுகிற கிரைண்டர் மேல் கை வைத்தது போலத் தோலுக்கடியில் ரத்தம் இரைந்தது. டயாலிசிஸ் ஊசி குத்தத் தோதாகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்தால் அப்படி இரையுமாம். இறங்கவேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

மீதியெல்லாம் கற்பனை.

2

"சித்த மருத்துவமும் அலோபதியும் இரு கண்கள்…" (வேண்டாம், மேடைப் பேச்சு.)

"மலை உச்சியில் மேகம்…" (இந்த ஊர்க் கதை என்றால் மலையில்தான் தொடங்கவேண்டுமா?)

சரி, பஸ்ஸில் வந்த அம்மாவைக் கதைக்குள் கொண்டுவந்து அவளுக்குப் பாஞ்சாலை என்று பெயர் வைக்கிறேன்.

3

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களில் பலருக்கு அரிப்பு உயிரை வாங்கும். பாஞ்சாலை சித்த மருத்துவர் அருணாதேவியிடம் போகிறாள். பெண்களுக்கு இடது கையில் நாடி பார்ப்பது சித்தத்தில் வழக்கம். அந்த இடது மணிக்கட்டில்தான் சர்ஜன் புகழேந்தி போட்ட தையல் இருக்கிறது. அதை யாரும் அழுத்தக்கூடாது.

(இந்த இடத்தில் அருணாதேவியைச் சண்டைக்காரியாக எழுதிப் பார்த்தேன். அவள் மசியவில்லை.)

விரலை மெல்ல வைத்தாள். நாடி தனியாகப் பிடிபடவில்லை, இரைச்சல்தான். விரலை எடுத்துவிட்டாள்.

"நான் படிச்ச எந்த நாடியும் இது இல்லீங்கம்மா. வலது கைய குடுங்க."

புகழேந்திக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, மேலுக்குத் தடவ எண்ணெய் மட்டும் கொடுத்தாள். உள்ளுக்கு எதுவும் தரவில்லை. இரண்டு வைத்தியத்தையும் சேர்ப்பது எப்படி என்று நான் எழுத நினைத்த கட்டுரை அந்தப் போனிலேயே முடிந்துபோனது.

4

கதைக்கு ஆபத்து வேண்டுமே. இரைச்சலை நிறுத்தினேன். (எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.)

"எண்ணெ நல்லா கேக்குது டாக்டரம்மா. அரிப்பு கம்மி. காலைலேர்ந்து கையில அந்த ஒதறல்கூட அடங்கிடுச்சு" என்று பாஞ்சாலை சிரித்தாள்.

அருணாதேவி தொட்டுப் பார்த்தாள். ரத்தம் உறைந்து வழி அடைத்திருந்தது. வலது கைச் சிரைகள் ஏற்கெனவே இப்படித் தைக்க உதவாதவை. இதுவும் போனால் டயாலிசிஸுக்கு

(முடிக்க மனசு வரவில்லை.)

"அது அடங்கவே கூடாதும்மா. இது எண்ணெ பண்ண வேலை இல்ல. கெளம்புங்க, நானும் வரேன்."

அன்று பௌர்ணமி என்று வைத்து, கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோவை மாட்டிவிட்டேன். சினிமா மாதிரி ஆகிவிட்டது. பௌர்ணமியை ரத்து செய்தேன்.

5

புகழேந்தி அடைப்பை எடுத்துத் தைத்து முடித்துவிட்டார். ரத்தம் மறுபடி ஓடுகிறதா என்று தொட்டுத்தான் பார்க்கவேண்டும். கைக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டிருப்பதால் பாஞ்சாலை விழித்திருக்கிறாள். மறு கையில் டிரிப்ஸ், அவளே தொட்டுப் பார்க்க வழியில்லை.

ஓடுகிறது என்று எழுதினேன், நம்பும்படியாக இல்லை. ஓடவில்லை என்று எழுதி உடனே அடித்தேன்.

புகழேந்தி கையுறையைக் கழற்றிவிட்டு, கூடவே வந்து பக்கத்தில் நிற்கும் அருணாதேவியிடம் தயங்குகிறார். "நீங்க பாருங்க மேடம்."

"நீங்க போட்டது சார். நீங்களே பாருங்க."

பாஞ்சாலை இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

"யாராச்சும் பாருங்களேன்."

வாசிக்கிறவரே, உங்கள் கை சும்மாதானே இருக்கிறது. அழுத்தாமல் வையுங்கள்.